ஊளையிடாத பெட்டி

கபீரின் முன்பற்கள் நான்கை உதிர்த்த பிறகுதான் செல்லக்கண்ணு மவுத் ஆர்கன் வாசிக்கப் பழகினான். அந்த மவுத் ஆர்கனும் கபீருடையதுதான். அடித்துப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டு போனான். போனவன் போய்த் தொலைய வேண்டியதுதானே? ஏழு மாதம் கழித்து, அடிபட்டவனின் அண்ணன் கடைக்கே வந்து, அதே மவுத் ஆர்கனை மேசைமேல் வைத்து, "இதுக்கு ஒரு பெட்டி செஞ்சு குடு பாய்" என்று கேட்க ஒரு மனுசனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? செல்லக்கண்ணு கேட்டான்.

ஐம்பத்து நாலாம் வருஷம், அக்டோபர் கடைசி. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிறான், நவம்பர் ஒன்றாம் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேருகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. முந்தின வாரம்வரை "சேரக்கூடாது" என்று சவுக்குத் தடியோடு தெருத்தெருவாகச் சுற்றியவர்கள் எல்லாம் கதர்ச் சட்டை தைத்துக்கொண்டார்கள். செல்லக்கண்ணுவும் தைத்துக்கொண்டான். விழிதியூர்க்காரன் அவன். சாராயக் கடைக் காவலுக்கென்று டவுனுக்கு வந்தவன், கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஆள் அடித்துக் கொடுக்கிற வேலையில் நிலைத்துவிட்டான். கதர்ச் சட்டை அவனுக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது.

ஆசை ஆசையாகச் செல்லக்கண்ணு என்று பெயர் வைத்த மகராசி, பிள்ளை வளர்ந்த பிறகு அவன் கையைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குக் கடைக்குள் வரும்போதே, வழிவிடத் தாமதித்த ஒரு பால்காரரைக் காதோடு சேர்த்து அறைந்துவிட்டுத்தான் வந்தான். குடம் உருண்டு பால் தெருவில் ஓடியது. பால்காரர் காதைப் பொத்திக்கொண்டு குடத்தைப் பொறுக்கினார்.

"ஒண்ணாந்தேதி சாயங்காலம் சந்தைத் திடல்ல மேடை. நான் வாசிக்கப்போறேன். ஊரே கேக்கணும். மைக் செட்டுக்காரன், இத வாசிச்சா மைக்கு ஊளையிடுதுங்கிறான். நீ இதுக்குன்னே ஏதோ பெட்டி வரைஞ்சு வச்சிருக்கியாமே?"

ரேடியோ மெக்கானிக் மன்சூர் அலி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். வரைந்து வைத்திருந்தது உண்மைதான். தம்பி கபீருக்காக வரைந்தது.

"சரியா வருமான்னு தெரியாதுங்க" என்றான்.

"வரலைன்னா என்ன, உன் தம்பிக்குக் கீழ்வரிசையில இன்னும் பல்லு இருக்குல்ல?"

சொல்லிவிட்டுச் செல்லக்கண்ணு சிரித்தான். பின்னால் நின்ற தங்கப்பனும் சிரித்தான். தங்கப்பன் அவனுடைய ஆள்; செல்லக்கண்ணு தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். மன்சூர் "சரிங்க" என்றான். பிறகு அந்தச் சொல்லை நினைத்து நினைத்துத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது அவனுக்கு.

அடி விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் இந்தியாவோடு சேரக் கேட்டு ஓர் ஊர்வலம். முன்வரிசையில் கபீர் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டு வந்தான். சைகோன் கப்பலில் மாமா கொண்டுவந்து கொடுத்தது. கோஷத்தில் அது ஒருத்தர் காதிலும் விழவில்லை. "இதை எப்படியாவது உரக்கக் கேக்குற மாதிரி பண்ணிக் குடுங்க நானா" என்று அவன் ரொம்ப நாளாக அண்ணனைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கடைத்தெரு முனையில் தடியோடு கும்பல் வந்து விழுந்தது. மண்டைகள் உடைந்தன. ஒரு பெரியவரின் முழங்காலை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மூன்றாமவன் ஓங்கி மிதித்தான். சனம் சிதறி ஓடியது. கபீர் அண்ணன் கடையைப் பார்த்து ஓடி வந்தான்.

மன்சூர் அவன் ஓடி வருவதைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கடைசிப் பலகையைப் பொருத்தித் தாழ்க்கம்பியைப் போட்டான்.

"நானா! கதவத் தொறங்க நானா!"

பலகையில் கபீரின் கை அறைந்தது. அப்புறம் வேறு எதுவோ அறைந்தது. அப்போது மன்சூர் செய்த காரியம் இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது? பழுது பார்க்க வந்திருந்த ரேடியோ ஒன்றின் குமிழைக் கடைசிவரை திருகினான். எங்கிருந்தோ ஒரு வயலின் கச்சேரி கடை அதிர அலறியது. அதற்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். வெளியே எல்லாம் அடங்கியபின் திறந்தான். தம்பி வாசற்படியில் கிடந்தான். நான்கு பற்களை மன்சூர் பொறுக்கி, காலி வால்வு அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

கபீரின் தாடை கோணலாகச் சேர்ந்துகொண்டது. பேச்சு குழறியது. பாதி நாள் கஞ்சிதான். ஆனால் ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட "ஏன் நானா தொறக்கலை?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால், சண்டை போட்டு, அழுது, ஒரு வழியாக முடிந்திருக்கும். கேட்காததுதான் மன்சூரைத் தின்றது.

"யாருக்குச் செய்யுறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யுறீங்களா?" என்று மன்சூரின் மனைவி அமீர் நிஷா கேட்டாள்.

"தெரியும்."

"நல்லா இருக்கு போங்க" என்று கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செய்ய உட்கார்ந்ததும் வேலை அவனை இழுத்துக்கொண்டது. அதையும் சொல்லத்தானே வேண்டும்? கபீர் வாசிக்கும்போது மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வான். அப்போதுதான் அந்தச் சுரம் கொழுத்து வரும். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரில் வருவதே திரும்ப மைக்குக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றி, காது கிழிய ஊளையிடும். சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடிக் குழல்கள்தான் வால்வுகள்; மற்ற மெக்கானிக்குகள் முதல் வால்விலேயே சத்தத்தைப் பிடித்து இழுப்பார்கள். மன்சூர் தலைகீழாக யோசித்தான். முதல் வால்வைச் சாதுவாகப் போட்டான். கடைசியில் நான்கு தடியன் வால்வுகளை நிறுத்தினான். பெரிய ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பதில் சின்னது எட்டு. முதுகை அடைத்த தேக்குப் பெட்டிக்குள்.

வால்வுகள் ஒரு பழைய கப்பல் ரேடியோவிலிருந்து கிடைத்தன. கரண்டை வாங்கிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரியது மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எல்லையில் இந்தியா செக்போஸ்ட் போட்டு மாதக்கணக்காக ஓர் ஆணிகூட உள்ளே விடவில்லை. அதனால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே, தெருக் கம்பியின் கரண்ட் நேராகப் பெட்டிக்குள் வருகிற மாதிரி கட்டினான். வருகிற இரண்டு கம்பியில் ஒன்று உயிருள்ளது, மற்றது மண்ணோடு சேர்ந்தது. மண் கம்பி பெட்டியின் இரும்புத் தட்டில் பட்டால் ஒரு வம்பும் இல்லை. ப்ளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டால் உயிருள்ள கம்பி தட்டில் பட்டு, மைக்கின் இரும்புக் கூடுவரை வந்து காத்திருக்கும். ஸ்விட்சை அணைத்தாலும் போகாது. ப்ளக்கைப் பிடுங்கினால்தான் போகும். மன்சூர் ப்ளக்கின் ஒரு பக்கத்தில் சிவப்பு அரக்கால் ஒரு பொட்டு வைத்தான். பொட்டு மேலே இருந்தால் எல்லாரும் பிழைத்தோம்.

சோதனைக்குக் கபீரின் காதுதான். அவன் கடையின் பின்அறையில் உட்கார்ந்திருப்பான். மன்சூர் ஒரு புல்லாங்குழலை மைக்கில் ஊதிப் பார்ப்பான். ஊளை எட்டிப் பார்த்தால் கபீர் சுவரில் ஒரு தட்டு, சரியென்றால் இரண்டு. ஐந்தாம் நாள் குமிழ் கடைசிக்குப் போனது. மேசை மேலிருந்த திருப்புளி குதித்துக் கீழே விழுந்தது. சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பிறகு இன்னும் இரண்டு. மன்சூருக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் வாயில் வைப்பதற்கு இது என்று அடுத்த நொடி நினைவு வந்தது.

முப்பதாம் தேதி செல்லக்கண்ணு வாசித்துப் பார்க்க வந்தான். ப்ளக்கைத் தங்கப்பன் சொருகினான். செல்லக்கண்ணு மைக்கைப் பொத்தி உதட்டை வைத்தவன், "ஆ!" என்று தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"என்ன பாய், உதட்டுல எறும்பு கடிக்குது?"

மன்சூர் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினான். அப்போது அவனுக்குக் கொலை எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பாய்ந்திருக்க மாட்டான். "பொட்டு மேல இருக்கணும்ங்க. இவரு தலைகீழா சொருகிட்டாரு. ஆபத்துங்க" என்றான்.

செல்லக்கண்ணு மைக்கைப் பதனமாக மேசையில் வைத்தான். தங்கப்பன் பக்கம் திரும்பி, புறங்கையால் ஒன்று விட்டான். தங்கப்பன் அலமாரியில் போய் மோதி மூக்கில் ரத்தத்தோடு எழுந்தான். எழுந்தவனை மறுபடி ஒன்று.

"இனிமே பாய்தான் சொருகணும். சொருகினப்புறம் வேற எவன் தொட்டாலும் கையை ஒடி. வெளங்குதா? எவனாவது பிடுங்கி விட்டு என் மானத்த வாங்கப் பாப்பான்."

"எவனா இருந்தாலும்ணே" என்றான் தங்கப்பன், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

மன்சூர் கீழே பார்த்தான். செல்லக்கண்ணுவின் காலில் டயர்ச் செருப்பு. கட்டை ரப்பர். அதனால்தான் எறும்பு கடித்ததோடு போயிற்று. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் மன்சூருக்கு உடம்பு ஜில்லிட்டது. பிறகு மெல்ல மெல்லச் சூடேறியது.

செல்லக்கண்ணு பொட்டை மேலே வைத்துச் சொருகச் சொல்லி வாசித்தான். நன்றாகவே வாசித்தான், அதுதான் எரிச்சல். அவன் போன பிறகு கபீர் பின்அறையிலிருந்து வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"மூணாவது ஓட்டை அடைச்சிருக்கு நானா" என்று குழறினான். "எச்சி காஞ்சு கெடக்கு. அவனுக்கு அதக் கழுவத் தெரியல."

தம்பி வெறுப்பில் கொதிக்கிறான் என்று மன்சூர் எடுத்துக்கொண்டான். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்! அந்தப் பையன் பதறியது மவுத் ஆர்கனுக்காக. மன்சூர் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்: கதவு திறக்காததற்கு இதுதான் பதில், இதோடு கணக்கு நேர்.

ஒன்றாம் தேதி காலையில் அடித்த மழை சந்தைத் திடலைச் சேறாக்கிவிட்டது. மேடை என்றால் மரமேடை அல்ல, மண்ணைக் குவித்து மெழுகியது. பின்னால் மறைப்புக்குக் கீற்றுத் தட்டி. மேடையில் கொடி, குத்துவிளக்கு, மாலை. தட்டிக்குப் பின்னால் ஒரு கம்பம், அதில்தான் கரண்ட்.

மன்சூர் பெட்டியை மேடைமேல் ஒரு பெஞ்சில் வைத்தான். மைக்கை மர மேசையில் துண்டு விரித்து அதன்மேல் வைத்தான். வந்த செல்லக்கண்ணுவிடம் பணிவாகச் சொன்னான்: "கொடி ஏத்தியிருக்கு, விளக்கு இருக்கு. செருப்போட ஏறினா சனம் பேசுவாங்க."

"ஆமாமா" என்று செல்லக்கண்ணு உடனே செருப்பைக் கழற்றினான். புது மரியாதைக்கு அலைந்தவன் ஆயிற்றே.

மன்சூர் கம்பத்துக்குப் போனான். பொட்டைக் கீழே வைத்துச் சொருகினான். மழைக்கு என்று சொல்லி ப்ளக்கை எண்ணெய்த் துணியால் சுற்றிச் சணலால் கட்டினான். தங்கப்பன் வீங்கிய மூக்கோடு, தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"யாரையும் தொட விடாதீங்க" என்றான் மன்சூர். "யாரா இருந்தாலும்."

"அதான் அண்ணன் சொல்லியாச்சே."

முன்னால் போய் நின்று பார்க்க மன்சூருக்குத் தைரியம் வரவில்லை. தட்டிக்குப் பின்னாலேயே ஒதுங்கினான். அன்றைக்குப் பலகைக்குப் பின்னால், இன்றைக்குக் கீற்றுக்குப் பின்னால்! வெடி வெடித்தார்கள். மைக் செட்டுக்காரனின் சாதாரண மைக்கில் செல்லக்கண்ணுவின் குரல் வந்தது.

"நேத்துவரைக்கும் ஊர்ல நாலு அடிதடி நடந்துச்சு. இல்லைங்கல. யாரோ தூண்டிவிட்டாங்க, நாம அடிச்சுக்கிட்டோம். இன்னையோட எல்லாரும் ஒண்ணு! செல்லக்கண்ணு மனசுல ஒண்ணும் இல்லைன்னு ஊருக்குத் தெரியணும். அதனால இன்னைக்கு நான் வாசிக்கல. இந்த மவுத் ஆர்கனுக்குச் சொந்தக்காரன் வாசிப்பான். கபீர் தம்பி, மேல வா!"

சனம் கை தட்டியது. மன்சூருக்குக் காது அடைத்தது. வீட்டிலேயே இரு என்று சொல்லியிருந்தானே! கீற்று இடுக்கில் கண்ணை வைத்தான். கபீர் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். பெட்டியின் சத்தத்தைக் கேட்க வந்திருக்கிறான். மேடையடியில் செருப்பைக் கழற்றினான். செல்லக்கண்ணு மவுத் ஆர்கனைக் கொடுத்தான். கபீர் அதை வாங்கிச் சட்டையில் துடைத்தான், வாயால் ஊதித் தட்டினான், மூன்றாவது ஓட்டையை நகத்தால் சுரண்டினான். ஏழு மாதத்தில் இல்லாத ஒரு சிரிப்பு அந்தக் கோணல் தாடையில் வந்தது. பழி வாங்க அவன் ஒருநாளும் ஆசைப்படவில்லை. அவன் கேட்டதெல்லாம் இதுதான்.

"கபீர்! மைக்கைத் தொடாதே!"

கைதட்டலும் வெடியும் அதை முழுங்கின. மன்சூர் கம்பத்தை நோக்கி ஓடினான். ஆறு எட்டுத்தான். ப்ளக்கின்மேல் கை வைத்தான், அவ்வளவுதான். தடி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"தொடக்கூடாதுன்னு நீதான பாய் சொன்ன?"

"விடுங்க! என் தம்பி!"

இடது கையை நீட்டினான். அடி முழங்கையில் விழுந்தது. அடுத்தது காதோரம். கண்ணில் ரத்தம் இறங்கியது. மன்சூர் குனிந்து, தொங்கிய வயரை ஒடிந்த கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்து சேற்றில் விழுந்தான். ப்ளக் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் மார்பில் விழுந்தது.

மேடையில் கபீர் மைக்கை எடுத்துப் பொத்தி ஊதினான். சத்தம் வரவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. செல்லக்கண்ணு தட்டியை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"பாய்தாண்ணே புடுங்கிட்டாரு" என்று தங்கப்பன் ப்ளக்கைப் பொறுக்கினான். "இந்தா, இருந்தபடியே சொருகிடுறேன்."

"அப்படியே சொருகாதே!" மன்சூர் அலறினான். "திருப்பு! பொட்டு கீழ போயிடும்! என் தம்பி செத்துடுவான்!"

சொல்லிவிட்டான். வேறு என்ன செய்வான்? செல்லக்கண்ணு ப்ளக்கை வாங்கி எண்ணெய்த் துணியைப் பிய்த்தான். சிவப்புப் பொட்டைப் பார்த்தான். நாக்கால் உதட்டைத் தடவினான். குனிந்து சேற்றில் பதிந்திருந்த தன் வெறுங்காலைப் பார்த்தான். அவன் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்வதை மன்சூர் கீழே கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வச்சியா பாய்?" என்றான் செல்லக்கண்ணு. குரல் சாதுவாகத்தான் இருந்தது.

மன்சூர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செல்லக்கண்ணு பொட்டை மேலே வைத்துத் தானே சொருகினான். தட்டிக்கு மேலாக எட்டி, "கம்பி கழண்டுடுச்சு தம்பி! இப்ப வரும், வாசி! நல்லா உரக்க வாசி!" என்று சிரித்துக்கொண்டே கத்தினான். அவனுக்குக் கபீரின் வாசிப்பு வேண்டும். நாளைக்கு ஊரில் தலை நிமிர்ந்து நடக்க அதுதான் சாட்சி. பிறகு தங்கப்பன் கையிலிருந்து தடியை வாங்கிக்கொண்டான்.

வால்வுகள் இன்னும் சூடு ஆறவில்லை. முதல் சுரமே முழுசாக வந்தது. எட்டு ஸ்பீக்கரும் ஒரே மூச்சாக எழுந்தன. கீற்றுத் தட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. தூரத்தில் கடலோரக் கிளிஞ்சல்மேட்டில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டதாம், பிறகு சொன்னார்கள். சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பல் இல்லாத வாயில் அந்தச் சுரம் முன்னைவிடக் கொழுத்து, வழுக்கி, அழுதுகொண்டு வந்தது.

தடி மன்சூரின் முழங்காலில் விழுந்தது. பிறகு விலாவில். அவன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். "கபீர்! கபீர்!" என்று கத்தினான். தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை. பத்தடி தூரத்தில், ஒரு கீற்றுக்கு அந்தப் பக்கம், தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி வாசித்தான்.

அடுத்த அடி வாயில் விழுந்தது. மன்சூர் நாக்கால் துழாவி, வெதுவெதுப்பாக என்னவோ துப்பினான். அந்த நிலையிலும் பாழாய்ப்போன காது வேலை செய்தது. கபீர் உள்ளங்கையை இறுக்கிப் பொத்துகிறான், மேல் சுரத்துக்குப் போகிறான், இங்கேதான் ஊளை வரும், இதோ வரும் என்று மன்சூர் காத்திருந்தான்.

வரவில்லை. செல்லக்கண்ணு மறுபடி தடியை ஓங்கினான். மன்சூர் முறியாத விரல்களால் சேற்றில் இரண்டு தட்டு தட்டினான்.